சாட்ஸ்வொர்த் ஓரத்து ஸ்பான்சர் க்ரெஷ்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் ஓரத்தில், ஒரு கம்பெனியின் பண உதவியோடு நடக்கும் க்ரெஷ் ஒன்றைப் பற்றியது இது. க்ரெஷ் என்றால் பள்ளி வயதுக்கு முந்தைய சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டு கற்றுக்கொடுக்கும் இடம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இடம் நல்ல இடம், பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறார்கள், பணம் கொடுக்கும் கம்பெனி பாதி வேலையை மிகச் சரியாகவும் மீதியை அரைகுறையாகவும் செய்கிறது. ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதை விரிவாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் டர்பனில் கடை, ஒர்க்‌ஷாப், டிரான்ஸ்போர்ட் என்று நடத்தும் நம் ஆட்கள் பலர் பிப்ரவரியில் கணக்கு முடிக்கிற நேரத்தில் "சின்னப் பிள்ளைகள் படிக்கிற இடம் ஏதாவது ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், எங்கே கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் தங்கள் ஆபீஸில் ஒரு யோசனையாக எடுத்து வைக்கக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கணக்கு எழுதுவது என் தொழில். இந்த க்ரெஷ்ஷின் வரவு செலவைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன், அதனால் பில்லெல்லாம் என் கண்ணில் படும். ஸ்பான்சர் கம்பெனிக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அப்புறம் பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடி யாரும் போகவும் கூடாது.

சாட்ஸ்வொர்த் எப்படி உருவானது என்று இங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தை வைத்து, கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் இந்திய வம்சாவளி ஜனங்களை அள்ளிக்கொண்டு வந்து 60களில் குடிவைத்த ஊர். இப்போது அதன் ஓரங்களில், சரிவு முழுவதும் தகரமும் பலகையுமாகக் குடிசைகள். க்ரெஷ் அந்தச் சரிவுக்கு மேலே, ஒரு கோயில் நிலத்தின் மூலையில் இருக்கிறது. இரண்டு கன்டெய்னர்களை ஒட்டி வைத்து, ஜன்னல் வெட்டி, மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் உள்ளே புழுங்குகிறது, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கூரைக்கும் கன்டெய்னருக்கும் நடுவே இடைவெளி விட்ட பிறகு கொஞ்சம் தேவலை.

மொத்தம் 45 பிள்ளைகள், 3 வயதிலிருந்து 5 வரை. பெரும்பாலும் ஜூலு பேசும் வீட்டுப் பிள்ளைகள், சிலர் நம் பிள்ளைகள். "நம்ம பிள்ளைகளுக்கே எவ்வளவோ தேவை இருக்க, இங்கே எதற்கு?" என்று கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டதாகத் தெரியும். கமிட்டித் தலைவர் நிலத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்ததே அதற்குப் பதில். பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால், எல்லார் வயிறும் ஒரே நேரத்தில்தான் பசிக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். காலை 8 மணிக்கு மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி, கொஞ்சம் பால், கொஞ்சம் சர்க்கரை. மதியம் ஒருநாள் சாம்ப்பும் (உடைத்த மக்காச்சோளம்) பீன்ஸும், ஒருநாள் சோறும் சுகர் பீன்ஸ் கறியும், ஒருநாள் பருப்பு, வாரத்தில் ஒருநாள் கோழி அல்லது மீன் டின். சமைக்கும் அக்கா டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ் பேசுவார். கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைகளில் மட்டும் மீலி மீல் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அவரிடம் கேட்டேன். "தம்பி, திங்கக்கிழமை பிள்ளைங்க ரெண்டு தடவ கேட்டு வாங்குது. சனி ஞாயிறு வீட்டுல என்ன கெடச்சுதோ" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கணக்கை நான் கேள்வி கேட்டதில்லை. இந்த நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 27 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2016 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அதில் ஒரு பங்கு அந்த வரிசையில் கிண்ணம் ஏந்தி நிற்கிறது.

சரி, படிப்பு எப்படி? முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் க்ரெஷ்ஷுக்கு அனுப்பிவிட்டாலே பிள்ளை தேறிவிடும் என்பது உண்மையில்லை. 2021இல் எடுத்து 2022இல் வெளியிட்ட 'திரைவ் பை ஃபைவ்' கணக்கெடுப்பு, ஏற்கெனவே இதுபோன்ற இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் 4, 5 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் வயதுக்குரிய வளர்ச்சியை எட்டவில்லை என்று காட்டியது. போகாதவர்கள் இல்லை, போகிறவர்கள்! அதாவது கூரை, பெயர்ப்பலகை, சுவரில் மிக்கி மவுஸ் படம் எல்லாம் இருந்தும் உள்ளே நடப்பது சரியில்லை என்றால் பிள்ளை வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருகிறது.

இங்கே நடப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய வகுப்பு டீச்சர் பழைய குளிர்பான பாட்டில் மூடிகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார, 5 மூடிகளை வரிசையாக வைத்து, விரல் வைத்து எல்லாரும் எண்ணுகிறார்கள், ஜூலுவில்: குன்யே, குபிலி, குத்தாத்து, குனே, குஹ்லானு. அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, சிலவற்றை ஒரு மக்கின் கீழே மறைத்துவிட்டு, மக்குக்குள் எத்தனை என்று கேட்கிறார். வெளியே 3 இருக்கின்றன. ஒரு பையன் மக்கைத் தூக்கப் போனான். பக்கத்தில் இருந்த பெண் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வெளியே இருப்பதை விரலில் காட்டி, மற்ற கையால் மிச்ச விரல்களைத் தொட்டுத் தொட்டு "குபிலி" என்றாள். டீச்சர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, அந்தக் குழந்தை திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அந்த விளையாட்டுக்கு ஆன செலவு பூஜ்யம். ஆனால் அந்தக் காத்திருப்பைக் கற்றுக்கொள்ள டீச்சருக்குப் பயிற்சி தேவைப்பட்டது, அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டியது ஸ்பான்சர் கம்பெனி. கம்பெனிக்கும் க்ரெஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் தொண்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டீச்சர்களோடு பேசிவிட்டுப் போகிறார். இந்தத் தொடர் வருகைதான் சும்மா ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்துப் போவதிலிருந்து வேறுபட்டது. இதற்கு முழு மதிப்பெண்.

இப்போது பணம். அரசு கொடுக்கும் குழந்தை உதவித்தொகை 2025இல் மாதம் 560 ராண்ட். க்ரெஷ் கட்டணம் முன்பு 200 ராண்ட். 560இல் 200 போனால் மீதியில் ஒரு மாதம் எப்படிச் சாப்பாடு, சோப்பு, துணி? அதனால் மாதக் கடைசியில் பிள்ளைகள் வராமல் போவார்கள். வருகைப் பதிவேட்டில் அது அப்படியே தெரியும். இப்போது கட்டணத்தை 80 ஆகக் குறைத்துவிட்டார்கள், மாதக் கடைசியிலும் 40 பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். ஸ்பான்சர் பணம் மட்டும் இதற்குப் போதாது. அரசு மானியம் வரத் தொடங்கியதால்தான் முடிந்தது. அந்த மானியம் எப்படி வந்தது என்பதைத்தான் நம் ஆட்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு க்ரெஷ்களுக்குக் கொடுக்கிறது. 2019 முதல் அது 17 ராண்டிலேயே நின்றிருந்தது, 2025 பட்ஜெட்டில்தான் 24 ஆக்கினார்கள். வருடத்துக்கு 264 நாள் கணக்கு. இந்த க்ரெஷ்ஷில் 40 பிள்ளைகள் தகுதி உள்ளவர்கள், பெருக்கினால் வருடத்துக்கு 2,53,440 ராண்ட். ஆனால் பதிவு இல்லாமல் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது, பதிவான பிறகும் காத்திருக்க வேண்டும். 2021இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 42,420 க்ரெஷ்கள், பாலர் வகுப்புகள் இருந்தன, அவற்றில் பாதிகூடப் பதிவாகவில்லை, மானியம் பெற்றது மூன்றில் ஒரு பங்குதான். நடத்துபவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. 20 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், உள்ளே பிள்ளைக்கு ஒன்றரை சதுர மீட்டர் இடம் வேண்டும், சுகாதார ஆய்வாளர் கையெழுத்து வேண்டும், தீயணைப்புக் கருவி வேண்டும், நிலத்துக்குப் பேப்பர் வேண்டும், ஊழியர் ஒவ்வொருவருடைய பெயரும் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியலில் இல்லை என்று சான்று வேண்டும். குடிசைக்குள் க்ரெஷ் நடத்தும் ஒரு பாட்டிக்கு இதில் எது கைக்கு எட்டும்?

இந்த இடம் முதலில் சரிவுக்குக் கீழே ஒரு வீட்டின் முன்னறையில்தான் நடந்தது. 2022 ஏப்ரல் வெள்ளம், க்வாஸுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்த அந்த வெள்ளம், அந்த வீட்டின் பின்சுவரை எடுத்துக்கொண்டு போனது. இரவு நேரம், பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை, அது கடவுள் புண்ணியம். அதே மாதம் 1ஆம் தேதிதான் க்ரெஷ் பொறுப்பு முழுவதும் சமூக நலத்துறையிலிருந்து அடிப்படைக் கல்வித்துறைக்கு மாறியிருந்தது, எந்த ஆபீஸில் எந்த ஃபைல் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாத நேரம். வெள்ள நிவாரணத்துக்கு வந்த கம்பெனி அப்படியே இங்கே தங்கியது. கோயில் நிலம் கொடுத்தது, அதனால் பேப்பர் கிடைத்தது. கம்பெனி மூன்று கழிப்பறைகளும் வேலியும் கட்டிக் கொடுத்தது, ஒரு ஆளைப் போட்டு விண்ணப்பத்தைக் கவுன்ட்டர் கவுன்ட்டராகத் துரத்தியது. பதிவு கிடைத்தது, பிறகு மானியமும் வந்தது. அந்தக் கழிப்பறை, வேலி, அலைச்சல் எல்லாவற்றுக்கும் ஆன மொத்தச் செலவு ஒரு வருட மானியத் தொகையைவிடக் குறைவு! ஒருமுறை கொடுத்த பணம் வருடா வருடம் அதைவிட அதிகமாக அரசுப் பணத்தை உள்ளே கொண்டுவருகிறது. கணக்குப் பார்க்கும் தொழிலில் இத்தனை காலம் இருக்கிறேன், நன்கொடைப் பணம் இவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்தது குறைவு. கம்பெனியின் ஆண்டு அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு ஆற்றாமை. பிள்ளைகள் ஜங்கிள் ஜிம்மில் ஏறும் படம்தான் பக்கம் முழுக்க.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, பெரிய குறை: ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான். டீச்சர்களுக்கு மானியத்திலிருந்து கொடுக்கும் தொகையோடு கம்பெனி ஒரு தொகை சேர்க்கிறது, அப்படிச் சேர்ந்தால்தான் மணிக்கு 28.79 ராண்ட் என்று 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைத் தொடுகிறது. கம்பெனியின் நிதியாண்டு முடிந்து புதிய பட்ஜெட் கையெழுத்தாகும் வரை அந்தத் தொகை நின்றுவிடுகிறது. ஒருமுறை இரண்டு மாதத்துக்கு மேல் வரவில்லை. பிறகு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வீட்டு வாடகையும் டாக்ஸிக் காசும் காத்திருக்குமா? சின்ன வகுப்பில் இருந்த நல்ல டீச்சர் ஒருவர் அந்த இடைவெளியில் சூப்பர் மார்க்கெட் கேஷியர் வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பயிற்சி கொடுக்க இதே கம்பெனிதான் செலவு செய்திருந்தது. பிள்ளைகள் அதன் பிறகு வாரக்கணக்கில் காலையில் கேட்டருகே நின்று அழுதார்கள். 3 வயதுப் பிள்ளைக்குப் பாடத்திட்டம் என்பதே அந்த ஒரு முகம்தான். அது திடீரென்று காணாமல் போனால் மற்றதெல்லாம் நிற்கிறது. மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று தொண்டு நிறுவனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இன்னும் நடக்கவில்லை. நட்சத்திரம் குறைந்ததற்கு முழுக் காரணம் இதுதான்.

இரண்டாவது, டேப்லெட் கணினிகள். யாரும் கேட்கவில்லை, வந்து இறங்கின. திருடு போகும் என்ற பயத்தில் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஜூலுவில் அச்சான படக்கதைப் புத்தகங்கள் வாங்கியிருந்தால் இரண்டு வகுப்புக்கும் நிறைந்திருக்கும். இப்போது இருக்கும் புத்தகங்கள் பாதிக்கு மேல் ஆங்கிலம், அதிலும் பழையது. பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் கதை கேட்டு வளர்ந்தால் பிறகு இன்னொரு மொழியில் எழுத்துக்கூட்டுவது சுலபமாகும், இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற விஷயம்.

மூன்றாவது சின்ன விஷயம்: மண்டேலா தினத்தன்று கம்பெனி ஆட்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள், பிள்ளைகளுக்கும் குஷி. அவர்களே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தோம், போன தடவை நாலைந்து பேர் செய்தார்கள். அவர்களில் ஒரு பெண் இப்போது மாதா மாதம் தானாகவே வருகிறார்.

கோயில் பக்கம் ஒரு குறை: காவடி சமயத்தில் மைதானம் முழுக்க கார் நிறுத்துவதால் க்ரெஷ்ஷை மூட வேண்டியிருக்கிறது. பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், பரவாயில்லை.

கொடுக்க நினைப்பவர்களுக்குத் தொழில்முறையில் சில விஷயம். கொடுத்த நன்கொடையை வரியில் கழித்துக்கொள்ள உதவும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுச் சான்றிதழ் வேண்டுமென்றால், அதற்கு ஒப்புதல் பெற்ற அமைப்புக்குத்தான் பணம் போக வேண்டும். சின்ன க்ரெஷ்கள் பலவற்றுக்கு அந்த ஒப்புதல் இருக்காது, அதனால் நடுவில் ஒப்புதல் உள்ள தொண்டு நிறுவனம் வழியாகக் கொடுப்பதுதான் வழக்கம். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். பி.இ.இ. (கறுப்பினத்தவரின் பொருளாதார முன்னேற்றத்துக்குக் கம்பெனிகள் செய்வதை மதிப்பிடும் அரசுத் திட்டம்) புள்ளிக்காக என்றால், சமூகப் பொருளாதார மேம்பாடு என்ற தலைப்பில் வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 1 சதவீதம் கொடுத்தால் பொதுவான மதிப்பீட்டு அட்டையில் 5 புள்ளி. பயன்பெறுபவர்களில் 75 சதவீதமாவது கறுப்பினத்தவராக இருக்க வேண்டும், அந்தச் சட்டத்தின் கணக்கில் இந்த நாட்டுக் குடிமக்களான இந்தியர்களும் அதில் சேர்த்தி. வருட விற்றுமுதல் 1 கோடி ராண்டுக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தப் புள்ளியே தேவையில்லை, தானாகவே 4ஆம் நிலையோ அதற்கு மேலோ கிடைத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் அட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் க்ரெஷ்ஷுக்கு எது தேவையோ அதைக் கொடுக்கலாம், அந்தச் சுதந்திரம் பெரிய கம்பெனிக்குக் கிடையாது.

நம் ஜனங்களுக்கு இது புதிதும் இல்லை. சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் ஏஜென்ட்டாக இங்கே வந்து கேட்டபோது, இங்கிருந்த இந்தியர்கள் காசு சேர்த்துத்தான் 1929இல் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அவர்கள் கொடுத்தது பெரிய பிள்ளைகளுக்கு. 2024இல் வந்த பெலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம்) முதல் வகுப்புக்கு முந்தைய வருடமான கிரேடு ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கிவிட்டது, அதற்கு முந்தைய 3, 4 வயதுக்குத்தான் இப்போது ஆள் இல்லை.

இந்த இடத்துக்கு இப்போது தேவை எது என்று கேட்டால்: சின்ன வகுப்பு டீச்சர் ஒருவரின் சம்பளத்தில் குறையும் தொகை, மூன்று வருடத்துக்கு எழுத்தில். அடுத்து ஜூலு படக்கதைப் புத்தகங்கள். அதற்கு அடுத்து கன்டெய்னருக்கு உள்ளே வெப்பம் தடுக்கும் பலகை. பழைய துணி, பழைய பொம்மை வேண்டாம், வைக்க இடமில்லை. நேரில் பார்க்க விரும்புபவர்கள் எனக்கு எழுதுங்கள், டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன். காலை 9 மணிக்கு வாருங்கள், மதியம் 12க்கு மேல் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க அனுமதி இல்லை. மழை பெய்தால் கீழ்ப்பக்க ரோட்டில் வண்டி ஏறாது, கோயில் வாசல் வழியாக வாருங்கள்.